காரைத் தாழ்த்தும் முன் ராடை அளந்து பாருங்கள்

கம்பெனி கொடுத்த ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டுக் காயில்ஓவர் மாட்டியவர்கள் முதலில் பார்ப்பது, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்பதைத்தான். மூன்று விரல் நுழைந்தால் இன்னும் இறக்கு, ஒரு விரல்கூட நுழையவில்லை என்றால் வேலை பிரமாதம். ஒர்க்‌ஷாப்பிலும் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. ஆனால் காரின் உயரத்தை முடிவு செய்ய வேண்டிய அளவு வெளியே கண்ணில் படும் அந்த இடைவெளியில் இல்லை. ஸ்பிரிங்கின் வயிற்றுக்குள் இருக்கும் ஷாக் ராடில், அது மேலும் உள்ளே போக எத்தனை மில்லிமீட்டர் பாக்கி என்பதில் இருக்கிறது. அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பவர், நாற்பது ஐம்பதாயிரம் செலவழித்து வாங்கிய நல்ல பொருளைக் கம்பெனி சஸ்பென்ஷனைவிட மோசமானதாக மாற்றிவிட முடியும். பலர் மாற்றியும்விடுகிறார்கள்.

காயில்ஓவரின் அமைப்பு எளிது. ஷாக் அப்சார்பரின் உடம்பில் வெளிப்புறமாகத் திருகு மரை வெட்டியிருக்கும். அதில் ஒரு காலர் ஏறி இறங்கும். ஸ்பிரிங் அந்தக் காலரின் மேல் உட்கார்ந்திருக்கும். காலரை மேலே திருகினால் கார் உயரும், கீழே திருகினால் தாழும். அதற்கு அடியில் இன்னொரு காலர், முதல் காலர் தானாகச் சுழன்றுவிடாமல் பூட்டி வைக்கும். விலை குறைந்த வகைகளில் இவ்வளவுதான். விலை கூடிய வகைகளில் இதோடு, அடியிலிருக்கும் பிராக்கெட்டும் தனியாகத் திருகும்படி இருக்கும். அதைத் திருகினால் ஸ்பிரிங்கைத் தொடாமலே மொத்த நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் உயரத்தை மாற்றும்போது உள்ளே நடப்பது வேறு வேறு. தன் காரில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் யாரும் கை வைக்கக் கூடாது.

முதல் வகையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறிய ஹேட்ச்பேக்கின் முன் சக்கரத்தின் ஸ்பிரிங் 240 கிலோ சுமக்கிறது, ஸ்பிரிங்கின் விறைப்பு ஒரு மில்லிமீட்டருக்கு 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கார் தரையில் நிற்கும்போது ஸ்பிரிங் 60 மி.மீ. அமுங்கியிருக்கும். முன்பக்கம், ஷாக்கே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் மேக்பெர்சன் ஸ்ட்ரட் என்பதால் சக்கரம் நகர்வதும் ராடு நகர்வதும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ராடின் மொத்த ஓட்டம் 140 மி.மீ. என்றால், நின்ற நிலையிலேயே 60 செலவாகி 80 பாக்கி. அந்த 80-இல் 40 மி.மீ. இடத்தை, ராடு முழுவதும் உள்ளே போய் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் பிடித்துக்கொள்கிறது. ஆகச் சக்கரம் மேலே வருவதற்கு ஸ்பிரிங் மட்டும் வேலை செய்யும் தூரம் 40 மி.மீ. இப்போது அழகுக்காகக் காலரை 25 மி.மீ. இறக்குகிறோம். கார் 25 மி.மீ. தாழ்கிறது, ராடும் அதே அளவு உள்ளே போய்விடுகிறது. மிச்சம் 15 மி.மீ. அந்தப் பதினைந்தைத் தின்ன 60 கிலோ கூடுதல் பாரம் போதும். சுமார் 950 கிலோ எடையுள்ள கார், புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஆறு பங்கு அளவுக்கு அழுத்திப் பிரேக் பிடித்தால், ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் கூடுதலாக வந்து சேரும் பாரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது ஒரு நாய் குறுக்கே ஓடிப் பிரேக் பிடிக்கும் அந்தக் கணத்தில், காருக்கு முன்பக்கம் ஸ்பிரிங்கே கிடையாது; ரப்பர் கட்டையின் மேல் நிற்கிறது. அந்த நேரம் பார்த்துச் சாலையில் ஒரு மேடு வந்தால், சக்கரம் மேலே போக வழியில்லாமல் வண்டியையே தூக்கிப் போடும். டயர் தரையை விடும்.

இந்த இடத்தில் ஒர்க்‌ஷாப்களில் காலங்காலமாகச் சொல்லப்படும் ஒரு கருத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காலரை மேலே ஏற்றினால் ஸ்பிரிங் அமுங்கி டைட் ஆகும், அதனால் வண்டி ஹார்டாகும் என்பார்கள். சீரான சுருள் உள்ள ஸ்பிரிங்குக்கு இது பொருந்தாது. ஒரு மில்லிமீட்டருக்கு 4 கிலோ என்பது, முதல் மில்லிமீட்டருக்கும் நூறாவது மில்லிமீட்டருக்கும் அதே 4 கிலோதான். மேலே உட்கார்ந்திருக்கும் பாரம் 240 கிலோ என்றால், முன்கூட்டியே 10 மி.மீ. அமுக்கி மாட்டினாலும் 30 மி.மீ. அமுக்கி மாட்டினாலும் நின்ற நிலையில் மொத்த அமுக்கம் அதே 60 மி.மீ. மாறுவது ராடு நிற்கும் இடம் மட்டுமே. பிறகு ஏன் ஹார்டாகத் தெரிகிறது? 30 மி.மீ. அமுக்கி மாட்டினால் கார் நிற்கும்போது ராடு 30 மி.மீ. மட்டும் உள்ளே போயிருக்கும். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க அந்த 30 மட்டுமே பாக்கி. அதைவிட ஆழமான குழி வந்தால் ராடு மேல்முனையில் போய் 'டொக்' என்று இடிக்கும். சக்கரம் காற்றில் தொங்கிக் குழியின் மறுகரையில் மோதும். கேட்பவர் காதுக்கு அது விறைத்த ஸ்பிரிங். உண்மையில் அது ஓட்டம் தீர்ந்துபோன ஷாக். மிகத் தாழ்த்தியவரும் மிக உயர்த்தியவரும் ஒரே குறையைச் சொல்லிக்கொண்டு வருவதற்குக் காரணம் இதுதான்: ஒருவருக்கு ஓட்டம் கீழே தீர்ந்தது, இன்னொருவருக்கு மேலே தீர்ந்தது.

ராடில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒயர் கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் டை ஒன்று போதும். தூசு உறையை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கும் ராடைச் சுற்றி அதைக் கட்டி, ஷாக்கின் தலை மட்டத்துக்கு இழுத்து விட வேண்டும். சும்மா விட்டால் நழுவக் கூடாது, விரலால் தள்ளினால் நகர வேண்டும். அந்த அளவு இறுக்கம் சரியாக இருக்கும். பிறகு தினமும் போகும் வழியிலேயே காரை ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், ராடு அதிகபட்சம் உள்ளே போன இடத்தில் டை நின்றிருக்கும். அது பம்ப் ஸ்டாப்பின் அடிவிளிம்பை எட்டாமல் சற்று இடைவெளி விட்டு நின்றால் உயரம் சரி. ரப்பரோடு ஒட்டிப்போய் நசுங்கியிருந்தால், மட்கார்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் கார் தாழ்ந்துபோயிருக்கிறது என்றே பொருள். காசே செலவாகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் டேம்பிங் குமிழைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஓட்டம் தீர்ந்த ஷாக்கை எந்தக் குமிழும் சரிசெய்யாது.

ரேஸ் கார்கள் எல்லாம் தரையோடு தரையாகத்தானே ஓடுகின்றன, தாழ்த்தினால் ரோடு கிரிப் கூடும் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, இயற்பியலும் ஓரளவு அவர்கள் பக்கம்தான். வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறும் பாரம், காரின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கு நேர் விகிதத்தில் இருக்கும். சிறிய காரில் அந்த மையம் தரையிலிருந்து சுமார் 530 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 30 மி.மீ. தாழ்த்துவதால் கிடைக்கும் ஆதாயம் நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஒரு சுற்றில் சில நொடிப் பகுதிகளுக்காகப் போராடுபவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் அங்கே தளம் சமமானது, ஸ்பிரிங் பல மடங்கு விறைப்பானது. அதைவிட முக்கியமாக, தாழ்த்தியதால் கோணம் மாறும் பாகங்களையும் அவர்கள் சேர்த்தே மாற்றியிருப்பார்கள். நாம் தாழ்த்துவதை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம்.

அந்த மற்றது என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தாழ்த்திய கார் கிரிப்பை இழப்பது இங்கேதான். மேக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள காரில் சக்கரத்தையும் சட்டத்தையும் இணைக்கும் லோயர் ஆர்ம், பொதுவாக உள்முனையிலிருந்து சக்கரம் நோக்கிச் சற்றுச் சரிந்தோ கிடைமட்டமாகவோ இருக்கும்படி வடிவமைக்கப்படுகிறது. காரைத் தாழ்த்தினால் உள்முனை இறங்கும், சக்கரத்தின் பக்கம் அங்கேயே நிற்கும். ஆர்ம் தலைகீழாகச் சரிந்துவிடும். இதனால் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிப் பக்கவாட்டில் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், உடம்பு தாழ்ந்த அளவைவிட அதிகமாகத் தாழ்கிறது. ஈர்ப்பு மையத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. அந்தத் தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோலின் நீளம். ஆகவே அதே விறைப்புள்ள ஸ்பிரிங்கில், தாழ்த்திய கார் வளைவில் முன்னைவிட அதிகம் சாயத் துடிக்கும். அதோடு, ஆர்ம் மேல்நோக்கிச் சரிந்த பிறகு சக்கரம் இன்னும் மேலே போகும்போது கீழ்முனை உள்பக்கம் இழுக்கப்படும். வளைவில் வெளிப்பக்க டயர் தரையில் முழு அகலத்தில் பதியாமல் வெளி ஓரத்தில் ஏறி நிற்கும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறுவதால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் சிறிது திரும்பும். நீளமான பால் ஜாயின்ட் போட்டு இதைச் சரிசெய்ய வழியிருக்கிறது. அந்தச் செலவுக்குத் தயாராக இல்லாதவர், ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டாத உயரத்தோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். காரின் கீழே குனிந்து பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

பிராக்கெட்டும் திருகும் விலை கூடிய வகை வைத்திருப்பவர்கள், எங்களுக்கு ஓட்டம் குறைவதே இல்லை என்பார்கள். ஷாக்கைப் பொறுத்தவரை அது உண்மை. மொத்த நீளம்தான் குறைகிறது. ராடு பழைய இடத்திலேயே நிற்கிறது. ஆனால் ஷாக் தரும் ஓட்டத்துக்குக் காரும் இடம் கொடுக்க வேண்டுமே. 40 மி.மீ. தாழ்த்திய காரில் சக்கரம் அதே அளவு மேலே வந்தால், டயர் மட்கார்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் உரசும், அகல டயர் என்றால் தகட்டு விளிம்பில் வெட்டுப்படும். முன்பு பம்ப் ஸ்டாப் தடுத்து நிறுத்திய வேலையை இப்போது டயரும் தகடும் செய்கின்றன. ஆர்மின் கோணம், டை ராடின் கோணம், சக்கரத்துக்கு ஆற்றல் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் எல்லாம் விலை குறைந்த வகையில் மாறுவது போலவே இதிலும் மாறும். இந்த வகையின் உண்மையான பயன், தாழ்த்துவதற்கும் ஓட்டத்துக்கும் உள்ள முடிச்சை அவிழ்ப்பது. எல்லையே இல்லாமல் தாழ்த்துவதற்கான அனுமதி அதில் இல்லை.

இந்த எல்லையை அழகு ரசனை தெரியாதவர்கள் கிளப்பிய பயம் என்று ஒதுக்க முடியாது, காயில்ஓவரைச் செய்பவர்களே அதை எழுதித்தான் கொடுக்கிறார்கள். கேடபிள்யூ, பில்ஸ்டீன், எச் அண்ட் ஆர் போன்ற நிறுவனங்களின் தாயகமான ஜெர்மனியில், இத்தகைய பாகத்தோடு ஒரு பரிசோதனை அறிக்கை வரும். எந்த மாடல் காரில், முன்பக்கம் எத்தனை மி.மீ. முதல் எத்தனை மி.மீ. வரை, பின்பக்கம் எவ்வளவு என்று அதில் இருக்கும். மாட்டிய பிறகு பரிசோதகரிடம் காட்டி ஒப்புதலும் வாங்க வேண்டும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஷாக்கின் உடம்பில் மரை அந்த எல்லையைத் தாண்டியும் ஓடும். மரை இருக்கிறது என்பதற்காக அங்கே வரை காலரை இறக்கலாம் என்று அர்த்தம் இல்லை. ஜப்பானிலும் காலமுறைப் பரிசோதனையில் காரின் அடிக்கும் தரைக்கும் 9 செ.மீ. இடைவெளி கேட்கிறார்கள். நம் நாட்டில், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. எனவே மாட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவதும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் அவசியம்.

அடுத்தது நம் சாலை. மாருதி ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ., முன் பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம் 2,450 மி.மீ. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட, 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு. அந்த வளைவின் உச்சியில் கார் நடுவாக நிற்கும்போது, இரண்டு சக்கரங்களுக்கு இடையே வயிற்றை நோக்கி மேடு எழும்பும் அளவைக் கணக்கிட்டால் சுமார் 44 மி.மீ.தான் வருகிறது. விதிப்படி கட்டிய வேகத்தடையை 40 மி.மீ. தாழ்த்திய ஸ்விஃப்ட்டும் தாராளமாகத் தாண்டும். நம் தெருக்களில் இருப்பது எத்தனை அப்படி? ஒரு முழ அகலத்தில் சாந்தைக் குவித்து ஊர்க்காரர்களே கட்டிய தடையில், அதன் முழு உயரமும் காரின் வயிற்றுக்குத்தான். 15 செ.மீ. குவியலைக் கம்பெனி உயரத்தில் மயிரிழையில் தாண்டும் கார், 40 மி.மீ. இறங்கி 123 மி.மீ. ஆனதும் ஆயில் சம்ப்பாலும் சைலன்சர் குழாயாலும் அதை உழும். சாலையைக் கட்டியவர் மேல்தான் குற்றம் என்று வாதிடலாம், சரியான வாதம்தான். ஆனால் ஆயில் சிந்துவது நம் காரிலிருந்து.

உயரத்தை மாற்றும் வேலையில் நிதானம்தான் பாதி. சமதளமான இடத்தில் காரை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, பாதி டேங்க் பெட்ரோலோடு, டிரைவர் சீட்டில் ஆளையோ அவர் எடைக்கு அரிசி மூட்டையையோ வைத்த பிறகே அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானம் கணக்கைக் கெடுக்கும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளப்பதே நம்பகமானது. நான்கு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றியதும் மரையில் ஒட்டிய மண்ணைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து எண்ணெய் விட வேண்டும். மண்ணோடு திருகினால் அலுமினியக் காலரின் மரை தேய்ந்துபோகும். பூட்டுக் காலரைத் தளர்த்தி, ஸ்பிரிங் காலரின் முகப்பில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, இடமும் வலமும் எண்ணிச் சமமாகச் சுற்ற வேண்டும். மரையின் இடைவெளி 2 மி.மீ. என்றால் ஒரு முழுச் சுற்று 2 மி.மீ. ஆனால் சக்கரத்தில் அதே அளவுதான் மாறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைத்துக் கீலில் ஆடும் டார்ஷன் பீம் உள்ள பல சிறிய கார்களில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லாமல் கீல் பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தால் காலரின் ஒரு மில்லிமீட்டர் சக்கரத்தில் கூடுதலாகத் தெரியும். காரை இறக்கிய உடனே அளந்தால் அது பொய் அளவு. டயர் தரையைக் கவ்வி உடம்பைத் தூக்கிப் பிடித்திருக்கும். முன்னும் பின்னும் சில அடி உருட்டிய பிறகுதான் கார் தன் உயரத்துக்கு வந்து உட்காரும்.

இதில் ஏறக்குறைய எல்லோரும் தவறவிடும் வேலை ஒன்று உண்டு. லோயர் ஆர்மின் புஷ்களில் ரப்பர், உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு ஒட்டப்பட்டிருக்கும். போல்ட்டை முறுக்கும் கணத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுவே ரப்பரின் ஓய்வு நிலை. உயரத்தை மாற்றிவிட்டு அந்த போல்ட்டைத் தொடாமல் விட்டால், கார் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும்; சீக்கிரமே கிழியும், கிழியும்வரை ஒரு பக்கம் இழுக்கும். சக்கரங்கள் பாரத்தோடு நிற்கும் நிலையில் போல்ட்டைத் தளர்த்தி மீண்டும் முறுக்குவதே மருந்து. வளைவில் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடும் இப்படித்தான். ஒரு பக்கம் கழற்றிவிட்டு உயரத்தைச் சரிசெய்து, கடைசியில் இழுபடாமல் மாட்ட வேண்டும்.

நான்கு மட்கார்டு இடைவெளிகளும் சமமாகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. ஒரு கால் சற்று நீளமான கட்டிலில் பாரம் அந்தக் காலிலும் அதற்கு எதிர்மூலைக் காலிலும் போய் உட்காரும்; காரும் அப்படியே. இடது முன்பக்கத்தைச் சில மி.மீ. உயர்த்தினால் வலது பின்பக்கத்துக்கும் பாரம் ஏறும். மற்ற இரண்டு மூலைகள் இலகுவாகும். பிறகு கார் வலப்பக்கம் வளைவதும் இடப்பக்கம் வளைவதும் ஒன்றுபோல இருக்காது, பிரேக்கில் ஒரு முன் சக்கரம் முந்திக்கொண்டு வழுக்கும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எடை மேடை வைத்து, எதிரெதிர் மூலைகளின் கூட்டுத்தொகை பாதிக்குப் பாதி வரும்வரை காலரை அசைப்பதுதான் சரியான முறை. அந்த வசதி இல்லாத ஊரில், கண்ணுக்கு அழகான சமத்தை விரட்டுவதைவிட, கம்பெனி உயரத்தில் இருந்த இட வல வித்தியாசத்தையே காப்பாற்றுவது மேல். அதன் பிறகு வீல் அலைன்மென்ட் செய்தே தீர வேண்டும். முகப்பு விளக்கின் குறி, பிரேக் ஹோஸ் எங்கும் இழுபடுகிறதா என்பது, ஏ.பி.எஸ். ஒயர் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அவரவர் கார், அவரவர் ரசனை. தாழ்ந்து நிற்கும் காரின் அழகை யாரும் மறுக்கவில்லை. அந்த அழகுக்கு விலை டயரிலும் புஷ்ஷிலும் மட்டும் கழிந்தால் அது சொந்தக் கணக்கு. பிரேக் பிடிக்கும் நொடியில் ஸ்பிரிங் இல்லாமல் போகும் கார், எதிரே சைக்கிளில் வருபவரின் கணக்கிலும் கை வைக்கிறது. எனவே காயில்ஓவர் விற்கும் கடைகளுக்கும் மாட்டித் தரும் ஒர்க்‌ஷாப்களுக்கும் ஒரு வேண்டுகோள். பில்லோடு இன்னொரு தாளும் கொடுங்கள். இந்தக் காருக்கு இந்த ஷாக்கில் அனுமதித்த உயரம் எதிலிருந்து எதுவரை, நின்ற நிலையில் பம்ப் ஸ்டாப்புக்கு எத்தனை மி.மீ. பாக்கி, நான்கு மூலைகளின் அளவு என்ன என்பதைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். வாங்குகிறவர்களும் அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் கடையை விட்டுக் கிளம்ப வேண்டாம்.